சிறைச் செங்கல்லும் நீதியாசனமும்

நீதிமன்றமொன்றினுள் வாழ்நாளில் முதன்முறையாக அடியெடுத்து வைக்கும் ஏழைக் குடியானவன் சட்ட நூல் எதனையும் கற்றறிந்து அங்கு வருபவனல்லன். சட்டத்தின் முதற் பாடத்தை அவனுக்குப் புகட்டுபவை அங்குள்ள தளபாடங்களே. அண்ணாந்து பார்க்கும்படி உயர்த்தப்பட்ட நீதிபதியின் பீடம். அதன் பின்னே சுவரிற் பதித்த அரச இலச்சினை. சட்டத்தரணிகளுக்கென இடப்பட்ட நீண்ட மேசை. எதிரியை நிறுத்தி வைக்கும் கூண்டு. எல்லாவற்றுக்கும் பின்னால், பொதுமக்களுக்கென்று விடப்பட்ட, முதுகு சாய்க்க இடமில்லாத வாங்கு. ஒரு சொல்லுங் கூறப்படுமுன்னரே தான் யார், தன் இடம் எது என்பதை அம்மனிதன் அறிந்துகொண்டு விடுகிறான். குடியேற்ற ஆட்சி தான் சென்ற இடமெங்கும் கொண்டுசென்ற ஒழுங்கு இது. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் நாம் இதனைக் கண்டு பழகியவர்களே.

தளபாடங்களைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். போர்களையும் உடன்படிக்கைகளையும் மாத்திரம் வரலாறென ஒப்புவித்து வளர்ந்த நமக்கு அந்த நகைப்பு இயல்பானதே. ஆயினும் ஒரு கதிரையை யார் செய்தார், யார் தேர்ந்தார், யார் அதில் அமர்ந்தார், யார் அதன் முன்னே நின்றார் என்ற வினாக்களை எழுப்பிப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் வர்க்க உறவுகள் பல அதனூடே வெளிப்படுவதைக் காணலாம். இதற்குச் சான்றாகத் தென்னாபிரிக்காவின் யொகன்னஸ்பேர்க் நகரிலே 2004ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட அரசியல் யாப்பு நீதிமன்றத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்நாட்டுக்கும் நமக்கும் சட்ட வழியில் ஓர் உறவுண்டு. ஒல்லாந்த வணிகக் கம்பனி விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டம் இரு நாடுகளிலும் இன்றும் பொதுச் சட்டமாக நிலவுகின்றது. தமிழருக்கும் அந்த நிலத்தோடு ஓர் உறவுண்டு; அதனைப் பின்னர்க் காண்போம்.

அந்நாட்டு நீதிமன்றத் தளபாடங்களின் பழைய கதை மூன்று காட்சிகளிலே அடங்கும்.

முதலாவது, 1908ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி நிகழ்ந்தது. ஆசியர்கள் கைரேகை பதித்துப் பதிவு செய்யவேண்டும் என்ற திரான்ஸ்வால் சட்டத்துக்குப் பணிய மறுத்த காந்தியடிகள் யொகன்னஸ்பேர்க் நீதிமன்றத்திலே எதிரியாக நிறுத்தப்பட்டார். அதே நீதிமன்றத்திலே அவர் பல தடவை கட்சிக்காரருக்காக வாதாடியவர். சட்டத்தரணியின் மேசைக்கும் எதிரிக்கூண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகள்தாம். அன்று அச்சில அடிகளைக் கடந்து அவர் நின்றார். இரண்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரோடு தண்டனை பெற்றவர்களுள் தம்பி நாயுடுவும் ஒருவர். மொரிசியசிலே பிறந்தவர், யொகன்னஸ்பேர்க்கிலே வண்டித் தொழில் நடத்தியவர், அந்நகரத் தமிழர் நலச் சங்கத்தின் தலைவராயிருந்தவர். அம்மாதம் 28ஆந் திகதி சிறையிலிருந்து ஆட்சியாளருக்கு அனுப்பப்பட்ட சமரசக் கடிதத்திலே மூவர் ஒப்பமிட்டனர். ஒருவர் காந்தி, மற்றவர் சீனர்களின் தலைவரான லியுங் குயின், மூன்றாமவர் தம்பி நாயுடு.

இரண்டாவது காட்சி 1956 டிசம்பர் மாதத்தது. தேசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட 156 பேரை விசாரிப்பதற்கு வழமையான நீதிமன்றம் எதுவும் போதாதென்று, படையினர் பயிற்சி செய்யும் மண்டபமொன்று நீதிமன்றமாக மாற்றப்பட்டது. முதல் நாளன்று ஒலிபெருக்கி வைக்க மறந்துபோனமையால் எவருக்கும் ஒன்றுங் கேட்கவில்லை. அடுத்த நாள் வந்தபோது எதிரிகளுக்கெனப் புதிய தளபாடமொன்று காத்திருந்தது. அது வலைக்கம்பியால் அமைத்த பெருங் கூண்டு! எதிரிகளுள் ஒருவர் ஒரு கடதாசித் துண்டை எடுத்து, மிருகக்காட்சிச் சாலையிலே தொங்கவிடுவதுபோல, ஆபத்தான பிராணிகள், தீனி போடவேண்டாம் என்று எழுதி அக்கம்பியிலே மாட்டிவிட்டார். தம் கட்சிக்காரர் விலங்குகளைப்போல் நடத்தப்படின் வெளியேறிவிடுவோம் என்று சட்டத்தரணிகள் எச்சரித்த பின்னரே கூண்டு அகற்றப்பட்டது. அதற்குள்ளே இருந்தவர்களுள் முதிய பாதிரியாரும் தொழிற்சங்கவாதியும் பேராசிரியரும் பெண்களும் இருந்தனர். நெல்சன் மண்டேலாவும் இருந்தார்.

மூன்றாவது, 1962 ஒக்டோபரிலே பிரிட்டோரியாவில் நடந்த மண்டேலாவின் வழக்கு. யூதர்களின் பழைய தொழுகைக் கூடமொன்று அப்போது நீதிமன்றமாகப் பயன்பட்டது. மண்டேலா ஐரோப்பிய உடையைத் துறந்து, தம் சோசா முன்னோர் அணிந்த சிறுத்தைத் தோற் போர்வையை மேலிட்டு அங்கே நுழைந்தார். சிறையதிகாரி அதனைத் தரும்படி கேட்டார், அவர் கொடுக்கவில்லை. வெள்ளையர் இயற்றிய சட்டத்தின்கீழ், வெள்ளை நீதவான் முன்னே, வெள்ளை வழக்குத்தொடுநர் எதிரே நிற்குங் கறுப்பு மனிதன் தான் என்பதை அவர் வாதமாக எடுத்துரைத்தார். அவ்வாதத்தை அவர் வாய் திறக்குமுன் அந்தத் தோல் சொல்லிவிட்டது என்றே நாம் கருதுகிறோம்.

மேலே குறித்த முதலிரு வழக்குகளின் எதிரிகளும் அடைக்கப்பட்டிருந்த இடம் ஒன்றே. நகரை நோக்கி நிற்குங் குன்றொன்றின்மேல் 1893இல் போவர்க் குடியரசு ஒரு சிறையைக் கட்டியது. பிரித்தானியர் படையெடுப்பார் என்ற அச்சத்தால் 1896க்கும் 1899க்கும் இடையிலே அதனைச் சுற்றி மண்ணரண் எழுப்பப்பட்டது. அதனால் அது கோட்டை எனப் பெயர் பெற்றது. பின்னர் கறுப்பு ஆண்களுக்கென ஒரு பகுதி சேர்ந்தது. அதற்கு மக்கள் இட்ட பெயர் நான்காம் இலக்கம். பெண்களுக்கென வேறொரு சிறையும், விசாரணைக் கைதிகளுக்கென மற்றொரு கட்டிடமும் எழுந்தன. நான்காம் இலக்கத்திலே வெளிவேலை முடித்து மீளுங் கைதிகள் ஆடை முழுவதையுங் களைந்து, எதனையும் மறைத்து வரவில்லை என்று காட்டுவதற்காகத் துள்ளியாடும்படி பணிக்கப்பட்டனர். உணவுகூட இனவாரியாகவே அளந்து கொடுக்கப்பட்டது. 1922இல் ஆயுதமேந்திக் கிளர்ந்த வெள்ளைச் சுரங்கத் தொழிலாளரும் இக்குன்றிலே அடைபட்டனர். தம்மோடு சுரங்கத்திறங்கிய கறுப்புத் தொழிலாளியைச் சகோதரனாகக் காண மறுத்த அவர்கள், அதே மதிலுக்குள்ளேயும் தனிப் பகுதியிலே வைக்கப்பட்டனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். சிறை 1983இல் மூடப்பட்டது.

இனி, புதிய நீதிமன்றத்தின் கதைக்கு வருவோம். இனவொதுக்கல் ஆட்சி வீழ்ந்த பின், 1995 பெப்ரவரி 14ஆந் திகதி மண்டேலா அரசியல் யாப்பு நீதிமன்றத்தை அங்குரார்ப்பணஞ் செய்துவைத்தார். பதினொரு நீதியரசர், அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கட்டிடமுமில்லை. வாடகைக்கு எடுத்த அலுவலகத்திலே தொழில் தொடங்கிற்று. அங்கிருந்துதான் அவ்வாண்டு யூன் 6ஆந் திகதி மரணதண்டனை யாப்புக்கு முரணானதென்று தீர்ப்பளித்தனர்.

அலுவலகத்தை அலங்கரிக்கவென ஒதுக்கப்பட்ட பணம் 10,000 ராண்ட். அதனைச் செலவிடும் பொறுப்பை நீதிமன்றத் தலைவர் ஆதர் சாஸ்கல்சன் இரு நீதியரசரிடம் ஒப்புவித்தார். ஒருவர் இவோன் மொக்கோரோ. அந்நீதிமன்றத்திலே அமர்ந்த முதற் கறுப்பினப் பெண். மற்றவர் அல்பி சாக்ஸ். இளமையிலேயே விடுதலை இயக்கத்திற் சேர்ந்து தனிச்சிறை கண்டவர். 1988 ஏப்ரிலில் மபுட்டோ நகரிலே அவரது மோட்டார் வண்டியிலே இனவெறி அரசின் கையாட்கள் வைத்த குண்டு வெடித்ததனால் வலக்கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். கம்பளத்தின் நிறத்தையும் சுவர்ப் படத்தையுந் தேரும் வேலை இத்தகையோர் கையிலே வந்து சேர்ந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர்கள் அச்சிறு தொகையைப் பங்கிட்டு நாலு மலிவுப் படங்களும் பூச்சாடிகளும் வாங்கிச் சுவர்களை நிரப்பியிருக்கலாம். எந்தக் கணக்காய்வாளரும் வினவியிருக்கமாட்டார். ஆனால் முழுத்தொகையையும் ஒரே பொருளுக்குச் செலவிட்டனர். யோசெப் நுட்லோவு என்னுங் கறுப்பினக் கலைஞரைக்கொண்டு மனிதகுலம் என்னுந் தலைப்பிலே ஒரு சித்திரத் திரைச்சீலையை நெய்வித்தனர். கையிலே காசு தீர்ந்தது. அதன் பின்னர்க் கலைஞர் பலர் தம் படைப்புக்களை அன்பளிப்பாகக் கொணர்ந்து தரலாயினர். இன்று அந்நீதிமன்றத்தின் சேகரிப்பிலே நூற்றுக்கணக்கான படைப்புகள் உள்ளன. நீதிமன்றமொன்று இவ்வாறு அன்பளிப்பை நம்பியிருத்தல் தகுமா என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வியே. கலைஞனது உழைப்பும் உழைப்புத்தான். விடுதலையின் பெயரால் அவனிடம் கூலியின்றிப் பெறுவதை வழக்கமாக்கிவிடலாகாது.

நிரந்தரக் கட்டிடத்துக்கு இடந்தேடியபோது நீதியரசர்கள் தெரிந்தெடுத்தது அந்தச் சிறைக்குன்றையே. போட்டி ஒன்று நடத்தப்பட்டு, 1998இல் தென்னாபிரிக்க இளங் கட்டிடக் கலைஞர் குழுவொன்றின் வரைவு ஏற்கப்பட்டது. மரத்தடியிலே ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் ஆபிரிக்க மரபினை அவர்கள் தம் கருவாகக் கொண்டனர். ஆலமரத்தடிப் பஞ்சாயத்தை அறிந்த நமக்கு இது அந்நியமன்று. அம்மரத்தடிகளிலுஞ் சாதிக்கொரு தூரம் இருந்ததென்பதையும் நாம் மறந்துவிடலாகாது. விசாரணைக் கைதிகளின் கட்டிடம் இடிக்கப்பட்டது. அதன் நான்கு படிக்கட்டுக் கோபுரங்கள் மாத்திரம் விட்டுவைக்கப்பட்டன. இடித்தெடுத்த செங்கற்களைப் புதிய நீதிமன்ற மண்டபத்தின் சுவருக்கும், வெளியேயுள்ள அகன்ற படிக்கட்டுக்கும் பயன்படுத்தினர். அக்கற்களுக்குச் சாந்து பூசி மறைக்கவில்லை. சட்டத்தரணி எழுந்து நின்று யாப்பின் வாசகத்தை விளக்கும்போது அவரைச் சூழ நிற்பது அச்சிறைச் சுவரே.

1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆந் திகதி சார்ப்வில் நகரிலே பொலிசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றனர். அந்நாளின் நினைவாக, 2004 மார்ச் 21ஆந் திகதி அதிபர் தாபோ ம்பெக்கி நீதிமன்றத்தைத் திறந்துவைத்தார்.

உட்புறத்தைச் சிறிது விரிவாகப் பார்த்தல் நன்று. முன்மண்டபத்திலே தூண்கள் மரங்களைப்போற் சாய்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் நிறக்கற் சித்திர வேலை. கூரையிலே இலைகளூடு ஒளி சிந்துவதுபோன்ற திறப்புக்கள். கம்பியாற் பின்னிய விளக்குகள் தொங்குகின்றன. முகப்பிலே நீதிமன்றத்தின் பெயர் அன்றைய பதினொரு ஆட்சி மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. மொழிப்பிரச்சினையால் அல்லலுற்ற நாட்டினராகிய நாம் அந்த முகப்பின் முன்னே சற்று நின்று பார்க்கவேண்டியவர்களே. உயர்ந்த மரக்கதவிலே அடிப்படை உரிமைகள் 27உம் செதுக்கப்பட்டுள்ளன. கதவு, விளக்கு, கம்பளம், வெயில் தடுக்கும் மறைப்பு ஆகியவற்றைப் பெருந்தொழிற்சாலைப் பட்டியலைப் புரட்டி வாங்குவதற்குப் பதிலாக, இவற்றுட் பலவற்றுக்குக் கலைஞருக்கும் கைவினைஞருக்கும் போட்டி வைத்துத் தெரிவு செய்தனர். ஒருவர் கைவேலை மற்றொருவர் கைவேலையோடு முட்டாமல் இணைப்பது எளிதான காரியமன்று. பல கைகள் சேர்ந்த இடத்திலே ஓரளவு ஒழுங்கின்மை இருக்கவே செய்யும். அதனைக் குறையெனக் கூறுவோருமுளர். ஒரே அச்சில் வார்த்த அழகைவிட அவ்வொழுங்கின்மையே நமக்கு உவப்பானது.

விசாரணை மண்டபத்திலே பதினொரு நீதியரசரும் அமரும் வளைந்த நீண்ட மேசையின் முன்புறம் நுகுனி இனப் பசுக்களின் தோல் போர்த்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தோலின் புள்ளியும் நிறமும் வேறு. நீதியரசர் ஒவ்வொருவரும் தனிச் சிந்தனை உடையவர் என்பதை அது குறிப்பதாகக் கூறுவர். நாம் அதிலே மற்றொன்றையுங் காண்கிறோம். அம்மக்களுக்கு மாடு செல்வம்; மணவுறவுக்குச் சாட்சி; முன்னோரோடு பேசும் வழி. 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்களுக்கு நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கை மாத்திரம் ஒதுக்கியபோது மேய்ச்சல் நிலமும் பறிபோயிற்று. மாடிழந்தவன் சுரங்கத்துக்குக் கூலியாகப் போனான். ஐரோப்பியப் பண்ணையாளர் அவ்வினப் பசுவையே தரமற்றதென ஒதுக்கினர். அந்தத் தோலே இன்று நாட்டின் உயர்ந்த நீதிமேசையை மூடியிருக்கிறது. 1962இல் எதிரிக்கூண்டிலே தோலொன்று தோன்றியது. 2004இல் அது நீதியரசரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. இதனை இணைத்துத் திட்டமிட்டனரா என்பதன்று நமது வாதம். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பொருளின் இடம் மாறியமையே நாம் சுட்டுவது.

நீதியரசரின் பின்னே ஒரு நீண்ட கண்ணாடிச் சாளரம் உண்டு. உள்ளே அது தலையின் உயரத்திலும், வெளியே தெருவின் தரைமட்டத்திலும் அமைந்திருக்கிறது. ஆதலின் மண்டபத்தில் இருப்போர் நீதியரசரின் தலைகளுக்குமேலே தெருவிற் செல்வோரின் கால்களைக் காண்கின்றனர். அரசனின் இலச்சினை இருந்த இடத்திலே வழிப்போக்கனின் செருப்பு!

இவ்விடத்தில் இந்தியாவிலே நிகழ்ந்த ஒன்றையும் ஒப்புநோக்கலாம். 1955இல் சண்டிகார் நகரிலே திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்துக்கு லெ கொர்பூசியே என்னும் பிரெஞ்சுக் கட்டிட மேதை ஒன்பது பெருந் திரைச்சீலைகளைத் தாமே வரைந்தார். காஷ்மீர நெசவாளர் நெய்த அவற்றுள் எட்டு 64 சதுர மீற்றரும் ஒன்று 144 சதுர மீற்றரும் உடையன. கொங்கிறீற் சுவரின் எதிரொலியை அடக்குவதற்கும் அவை பயன்பட்டன. ஆயினும் நீதிபதிகள் சிலர் அவற்றை விரும்பவில்லை. மனக்கசப்பு நேரு வரை சென்றது. அங்கே அமரப்போகிறவர்களை எவரும் கேட்கவில்லை என்பதே அதன் வேர். அந்நகர அரசு அலுவலகங்களுக்கென உள்ளூர்த் தச்சர் தேக்கும் பிரம்புங் கொண்டு செய்த கதிரைகள் பின்னாளிற் குப்பையாகக் கழிக்கப்பட்டு, சொற்ப விலைக்கு ஏலம் போயின. வாங்கியவர்கள் அவற்றை ஐரோப்பிய, அமெரிக்க ஏலக்கூடங்களிலே பெருஞ் செல்வர்களுக்கு விற்றுப் பொருளீட்டினர். 2011இல் இந்திய அரசு தடை விதித்தது. வரைந்தவர்களின் பெயரை ஏலக்காரர் பறைசாற்றினர். செய்த தச்சனின் பெயரோ எந்தக் கதிரையிலும் இல்லை.

யொகன்னஸ்பேர்க் நீதிமன்றத்தின் படைப்புகளுள் நம்மை மிகவும் வருத்தும் ஒன்றுண்டு. பிலா நுட்வாண்ட்வே என்னும் இளம் பெண், விடுதலைப் படையைச் சேர்ந்தவர். 1988இல் பொலிசார் அவரைக் கடத்தி, ஆடை களைந்து, காட்டிக்கொடுக்கும்படி வதைத்தனர். அவர் யாரையுங் காட்டிக்கொடுக்கவில்லை. கொன்று புதைத்தனர். பின்னர் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் காலத்திலே புதைகுழி தோண்டப்பட்டபோது, மானத்தை மறைப்பதற்காக அவர் இடையிலே சுற்றியிருந்த நீலப் பிளாத்திக்குப் பை எலும்போடு கிடந்தது. அச்செய்தியை வானொலியிற் கேட்ட யூடித் மேசன் என்னும் ஓவியர் நீலப் பைகளையே சேர்த்துத் தைத்து ஓர் உடை செய்தார். அவ்வுடையும் அதனோடிணைந்த ஓவியங்களும் நீதிமன்றத்திலே வைக்கப்பட்டிருக்கின்றன. கடையிற் சாமான் கட்டித்தரும் மலிவான பை அது. பொன்முலாம் பூசிய நீதிதேவதையின் சிலை அவ்விடத்திலே இருந்திருப்பின் இத்தனை பேசியிராது.

இவ்வளவுங் கூறியபின், தளபாடம் மாறினால் தீர்ப்பும் மாறிவிடுமா என்று வாசகர் கேட்பர். கேட்கத்தான் வேண்டும். சோவெற்றோவின் பிறி என்னும் பகுதி மக்கள், முற்பணஞ் செலுத்தினாலன்றி நீர் தராத மானிகளை நகரசபை பொருத்தியதை எதிர்த்து வழக்காடினர். ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 25 லீற்றர் இலவச நீர் போதாது, 50 லீற்றர் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 42 லீற்றராகக் குறைத்தது. 2009 ஒக்டோபர் 8ஆந் திகதி, பசுத்தோல் போர்த்த மேசையிலிருந்து வந்த தீர்ப்பு அவையிரண்டையுந் தள்ளி, நகரசபையின் 25 லீற்றரும் முற்பண மானியும் நியாயமானவையே என்றது. சாளரத்தினூடு தெரியுங் கால்கள் அன்றும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

அதே மண்டபத்திலே 2011 டிசம்பர் 1ஆந் திகதி வேறொரு தீர்ப்பும் வந்தது. தனியார் கட்டிடத்திலிருந்து வெளியேற்றப்படும் ஏழைகளுக்குத் தற்காலிக இருப்பிடம் அளிக்கவேண்டியது நகரசபையின் கடமை என்று அத்தீர்ப்புக் கூறியது. ஆகவே மரமும் தோலும் செங்கல்லும் நீதியரசரின் கையைப் பிடித்து எழுதுவிப்பதில்லை. சொத்துடைமையின் பலம் எந்த மண்டபத்துக்குள்ளும் நுழையவல்லது. ஆனால் பிறி மக்களின் வழக்கை அம்மண்டபத்துக்குப் பொருத்தமற்றதென நம்மாற் கூற முடிவதும், அத்தளபாடங்கள் ஒரு வாக்குறுதியைப் பகிரங்கமாக எழுதிவைத்திருப்பதனாலேதான். குடியேற்ற ஆட்சியின் உயர்பீடம் எவருக்கும் எவ்வாக்குறுதியையும் அளித்ததில்லை.

தம்பி நாயுடுவைப் பற்றி இன்னுஞ் சில சொற்கள். சத்தியாக்கிரகப் போராட்டத்திலே அவர் மீண்டும் மீண்டும் சிறைபுகுந்தார். அவர் மகன் 1940களின் எதிர்ப்பியக்கத்திலே சிறை சென்றார். பேரன் இந்திரஸ் நாயுடு 1963 முதற் பத்தாண்டுகள் றொபன் தீவிலே கைதியாயிருந்தார். பேர்த்தி சாந்தி நாயுடு 1969இல் தனிச்சிறையில் வைக்கப்பட்டு, வின்னி மண்டேலாவுக்கும் தோழர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்லும்படி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். சாட்சிக்கூண்டிலே ஏறி நின்று, தாம் சாட்சி சொல்லப்போவதில்லை என்று மறுத்துவிட்டு மீண்டுஞ் சிறைக்குத் திரும்பினார்.